முப்பது ரூபாய்க்கு ஒரு பஸ்

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவே சேலத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

“டேய் தம்பி, உன் மருமகன் பஸ் வித்துக்கிட்டு இருக்கான்டா!”

எனக்குப் பகீரென்றது. பையன் டிப்ளமா இரண்டாம் வருஷம். சொந்தமாக ஒரு பைக்கூடக் கிடையாது. பஸ்ஸுக்கு எங்கே போனான்?

“யாரோட பஸ்ஸை?”

“யாருக்குத் தெரியும்? ஒரு பஸ் முப்பது ரூபாயாம். நூத்தி நாப்பது பஸ் வித்துட்டானாம். இப்ப ஃப்ரெண்ட்ஸுக்குள்ள ஏதோ சண்டை. மூணு நாளா சரியா சாப்பிடலை. நீதான் பி.காம் படிச்சவனாச்சே, என்னன்னு கொஞ்சம் கேளு.”

எங்கள் குடும்பத்தில் பணம் சம்பந்தமாக எந்தத் தகராறு வந்தாலும் கேஸ் என்னிடம்தான் வரும். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய பி.காம் பட்டத்துக்குத்தான் இன்றைக்கும் மரியாதை.

பையனைப் பிடித்தேன். மெதுமெதுவாக விஷயம் வெளியே வந்தது.

‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்று ஒரு மொபைல் விளையாட்டு. மாலியோ என்கிற இந்தோனேசியக் கம்பெனி 2017-ல் வெளியிட்டது. போனில் பஸ் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால், அதில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். நீங்களே ஒரு வண்டியைச் செய்து உள்ளே ஏற்றி ஓட்டலாம். நம் ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? நம்ம ஊர் அரசு பஸ், தனியார் பஸ், ஆம்னி பஸ் என்று ஒன்று விடாமல் செய்து ஜகார்த்தா ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படி ஒருத்தர் செய்து விற்ற விளையாட்டுக்குள், வாங்கியவர் புகுந்து புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்குப் பெயர் ‘மாட்’. மாடிஃபிகேஷன் என்பதன் சுருக்கம். ரெடிமேட் சட்டை வாங்கி, நம்ம டெய்லரிடம் கொடுத்து உள்பாக்கெட் வைத்துத் தைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பாக்கெட் பிரமாதமாக இருந்து, அடுத்த வீட்டுக்காரர் “எனக்கும் ஒண்ணு தாங்களேன், காசு தர்றேன்” என்று கேட்கும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது. காசு யாருக்கு? தைத்தவருக்கா? சட்டைக் கம்பெனிக்கா? கடைக்காரருக்கா?

மருமகன் கூட்டணியில் நாலு பேர். ஒருவன் பிளெண்டர் என்கிற சாஃப்ட்வேரில் பஸ்ஸின் உடம்பைச் செய்கிறான் (மிக்ஸி இல்லை, முப்பரிமாண உருவம் செய்கிற இலவச சாஃப்ட்வேர்). என் மருமகன் பெயின்ட் வேலை. கண்ணாடி மேல் ஸ்டிக்கர், பின்னால் சாமி படம், ‘இடப்பக்கம் ஏறவும்’ எல்லாம் அவன் உபயம். மூன்றாமவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிஜமான ஏர்ஹாரனை ரெக்கார்ட் செய்து வருகிறவன். நாலாமவனிடம் யூடியூப் சேனல் இருக்கிறது. அவன் வீடியோ போடுவான். முப்பது ரூபாய் அனுப்பினால் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு தருவான்.

“பங்கு எப்படி?”

“சேனல் வெச்சிருக்கவனுக்குப் பாதி மாமா. மீதி எங்க மூணு பேருக்கும் சமமா.”

140 பஸ், 4,200 ரூபாய். சேனல்காரனுக்கு 2,100. மற்றவர்களுக்குத் தலைக்கு 700.

“இதுக்கா சண்டை?”

“இல்ல மாமா. சேட்டன் பார்த்துட்டாரு.”

அங்கேதான் ஐந்தாவது ஆள் வருகிறார். கேரளத்துப் பையன். இவர்களைவிட நாலைந்து வயது பெரியவன். அவன் ஒரு பஸ்ஸின் அடிப்படை மாடலைச் செய்து, ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரை மட்டும் போடுங்கள்’ என்று பொதுவில் வைத்திருந்தான். நம்ம ஆட்கள் செய்த பஸ்ஸின் சேஸிஸும் ஜன்னலும் டாஷ்போர்டும் அவனுடையது. பெயர் போட்டார்களா? வீடியோவுக்குக் கீழே எட்டாவது வரியில் போட்டிருந்தார்கள். முப்பது ரூபாய் என்பதை முதல் வரியில் போட்டிருந்தார்கள்.

சேட்டன் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். ‘நான் ஃப்ரீயாகக் கொடுத்தேனே, நீங்கள் விற்கிறீர்களே?’

சேனல்காரன், “அவர்தான் ஃப்ரீன்னு சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?” என்கிறான். பிளெண்டர் பையன், “சேட்டனுக்கும் ஒரு பங்கு கொடுத்துடலாம்” என்கிறான். “யார் பங்குலேர்ந்து?” என்று ஹாரன் பையன் கேட்டிருக்கிறான். அதோடு வாட்ஸ்அப் குரூப்பில் மௌனம்.

“நீங்க சொல்லுங்க மாமா. நாங்க செஞ்சது தப்பா?”

தண்ணீர்ப் பந்தலில் இலவச மோரை வாங்கி அடுத்த தெருவில் கிளாஸ் அஞ்சு ரூபாய் என்று விற்றால் தப்பா, இல்லையா? தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், இவர்கள் வெறும் மோரை விற்கவில்லை. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் போட்டுத் தாளித்திருக்கிறார்கள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். “ஒரு வாரம் டைம் கொடுடா” என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தால், இதே சண்டையை உலகத்தின் பெரிய மனிதர்கள் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். அங்கே முப்பது ரூபாய்க்குப் பதில் டாலர், அவ்வளவுதான் வித்தியாசம்.

கதை இது. ‘ஸ்கைரிம்’ என்று ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் பெதஸ்டா கம்பெனி 2011 நவம்பரில் வெளியிட்டது. டிராகன், கத்தி, பனிமலை என்று ஒரு பெரிய உலகம். வாங்கியவர்கள் அதற்கு மாட் செய்து தள்ளினார்கள். புதுக் கத்தி, புது ஊர், புதுக் கதை எல்லாமே இலவசம். பல வருஷம் இப்படி ஓடியது.

2015 ஏப்ரல் 23. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கிற ‘ஸ்டீம்’ என்கிற இணையக் கடையை நடத்தும் வால்வ் கம்பெனியும் பெதஸ்டாவும் சேர்ந்து ஓர் அறிவிப்பு செய்தன. இனி ஸ்கைரிம் மாட்களைக் காசுக்கு விற்கலாம். விலையைச் செய்தவரே வைத்துக்கொள்ளலாம். பங்கு? நூறு ரூபாய்க்கு விற்றால் கடைக்கு 30. விளையாட்டுக் கம்பெனிக்கு 45. செய்தவருக்கு 25. அந்த 25-ம் உடனே கைக்கு வராது. அவர் பங்கு நூறு டாலர் சேர்ந்த பிறகுதான் பட்டுவாடா. அதாவது, 400 டாலருக்கு விற்றால்தான் முதல் பைசாவைப் பார்க்கலாம்.

பூகம்பம்! கையெழுத்து இயக்கத்தில் லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. இரண்டு நாள் கழித்து வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல் நேரடியாக இணையத்தில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இந்தத் திட்டத்தால் இதுவரை வந்தது பத்தாயிரம் டாலர் அளவுதான், இணையத்தைக் கோபப்படுத்தியதற்கான செலவு அதைவிடப் பல மடங்கு என்கிற பொருளில் பேசினார். ஏப்ரல் 27. கடை மூடப்பட்டது. வாங்கியவர்களுக்கெல்லாம் பணம் வாபஸ். மொத்தமே நாலு நாள்.

25 சதவீதம் அநியாயம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் பீரோவைத் திறந்தேன். என் முதல் புத்தகத்தின் ஒப்பந்தம் இருந்தது. ராயல்டி 10 சதவீதம்!

யோசித்துப் பாருங்கள். நூறு ரூபாய்ப் புத்தகத்தில் எனக்குப் பத்து ரூபாய். நான் கையெழுத்து இயக்கம் நடத்தவில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு, பதிப்பாளருக்கு மைசூர்பா வேறு வாங்கிக் கொடுத்தேன். அப்படியென்றால், 25 வாங்குகிறவர் ஏன் கோபப்பட வேண்டும்?

விடை சதவீதத்தில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. என் பதிப்பாளர் பேப்பர் வாங்குகிறார். அச்சடிக்கிறார். கடைக்காரருக்குக் கழிவு கொடுக்கிறார். விற்காத புத்தகங்களைத் தன் கோடவுனில் வைத்துக்கொண்டு கரையானோடு போராடுகிறார். நஷ்டம் வந்தால் அவருக்கு. என்னிடம் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்க மாட்டார். (இதுவரை கேட்கவில்லை.)

ஸ்கைரிம் விஷயத்தில் 45 வாங்கியவர் என்ன பொறுப்பேற்றார்? காசு கொடுத்து வாங்கிய மாட், விளையாட்டின் அடுத்த அப்டேட்டில் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது என்று ஜனங்கள் கேட்டார்கள். செய்தவரின் பக்கத்துக்குப் போய் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள் என்கிற ரீதியில் கடையின் பதில் இருந்தது. வேலை செய்கிறதா என்று பரிசோதிப்பதில்லை. உத்தரவாதம் கிடையாது. பழுதானால் 25 வாங்கியவர்தான் திட்டு வாங்க வேண்டும்.

கல்லூரியில் எங்களுக்குப் பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸ் எடுத்த சார், முதல் வகுப்பிலேயே ஒன்று சொல்வார்: “லாபத்துல பங்கு கேக்குறவன், நஷ்டத்துல எவ்வளவுன்னு முதல்ல சொல்லணும்.” 45-க்கும் 25-க்கும் நடுவே எனக்கு உறுத்தியது அதுதான்.

சரி, விளையாட்டுக் கம்பெனி பக்கமும் பார்க்க வேண்டாமா? அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அந்த உலகத்தை உருவாக்கினார்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கத்தியை எங்கே கொண்டுபோய் வீசுவீர்கள்? காமர்ஸில் இதற்கு ‘குட்வில்’ என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால், பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் இருக்கும். அதற்கு ஒரு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால், அந்த விலையில் ஒரு பகுதி ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாட் வாங்குகிற ஒவ்வொருவரும் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர். சில சமயம் மாட்டுக்காகவே விளையாட்டை வாங்குகிறார்கள். செக் நாட்டின் பொஹீமியா கம்பெனி 2009-ல் ‘ஆர்மா 2’ என்று ஒரு ராணுவ விளையாட்டு வெளியிட்டது. 2012-ல் நியூசிலாந்துக்காரர் டீன் ஹால் அதற்கு ‘டே இஸட்’ என்று ஒரு மாட் செய்தார். ஊரெல்லாம் பேய்ப் பிணங்கள், அதில் தப்பிப் பிழைக்க வேண்டும். இலவசம்தான். ஆனால், அதை ஆட ஆர்மா 2 வேண்டுமே! மூன்று வருஷப் பழைய விளையாட்டு ஸ்டீம் விற்பனையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதில் கம்பெனி ஒரு பைசாகூடப் பங்கு கேட்க வேண்டியிருக்கவில்லை. பங்கு தானாக வந்து விழுந்தது.

அந்த டே இஸட்டை விளையாடிக்கொண்டிருந்தார், அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன். போட்டோ, வெப் டிசைன் என்று பிழைத்தவர். அதற்கு மேல் தன் பங்குக்கு ஒரு மாட் செய்தார். எல்லோரையும் ஓர் இடத்தில் இறக்கிவிட்டு, கடைசியாக மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். தென்கொரியக் கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டது. 2017-ல் வந்தது ‘பப்ஜி’. ஆமாம், உங்கள் வீட்டுப் பையன் சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் ஆடிக்கொண்டிருந்தானே, 2020 செப்டம்பரில் நம் அரசாங்கம் தடை செய்ததும் மூலையில் உட்கார்ந்து அழுதானே, அதேதான். மாட் மேல் மாட், அதற்கு மேல் மாட். எத்தனை மாடி!

இன்னொரு உதாரணம் ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’. வால்வ் உருவாக்கி 1998-ல் வந்த ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டுக்கு, மின் லே, ஜெஸ் கிளிஃப் என்கிற இரண்டு இளைஞர்கள் 1999-ல் செய்த மாட். வால்வ் அவர்களை வேலைக்கு எடுத்து, உரிமையை வாங்கி, 2000-ல் தன் பெயரில் வெளியிட்டது. இப்படிக் கம்பெனி கூப்பிட்டு நாற்காலி போடுவதும் ஒரு வகைப் பங்குதான். ஆனால், அது ஆயிரத்தில் ஒருவருக்கு அடிக்கிற லாட்டரி. மீதி 999 பேருக்கு என்ன வழி?

அவர்கள் கதி என்ன ஆகும் என்பதற்கு ஒரு கோர்ட் கேஸ் இருக்கிறது. 1996-ல் வந்த ‘டியூக் நூக்கம் 3டி’ விளையாட்டில் ஆடுகிறவர்களே புதுப்புது மைதானம் அமைக்கலாம். அப்படி ரசிகர்கள் செய்து இலவசமாக வைத்திருந்த 300 மைதானங்களை ‘மைக்ரோ ஸ்டார்’ என்ற கம்பெனி அள்ளியது. ஒரு சிடியில் போட்டுக் கடையில் விற்றது. விளையாட்டை வெளியிட்ட ‘ஃபார்ம்ஜென்’ எதிர்த்தது. 1998-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் தீர்ப்பு சொன்னது: இந்த மைதானங்கள் மூல விளையாட்டின் அடுத்த பாகம் மாதிரி. அடுத்த பாகம் எழுதும் உரிமை மூலத்தின் சொந்தக்காரருக்குத்தான். சிடி விற்றது தப்பு.

சரியான தீர்ப்புதான். ஆனால், கேஸில் ஜெயித்தது விளையாட்டுக் கம்பெனி. தோற்றது சிடி கம்பெனி. அந்த 300 மைதானங்களையும் கண்விழித்துச் செய்தார்களே, அவர்கள் அந்தக் கணக்கில் எங்கேயுமே வரவில்லை! இலவசமாகத்தான் தர வேண்டும் என்பதே அவர்களுக்குக் கம்பெனி போட்டிருந்த நிபந்தனை.

ஸ்கைரிம் கலாட்டாவிலும் சேட்டன் மாதிரி ஒருவர் இருந்தார். விற்பனைக்கு வந்த முதல் மாட்களில் ஒன்று, மீன் பிடிக்கிற மாட். தூண்டிலைப் போடுகிற அசைவுகளுக்கு அது வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த கருவியை நம்பியிருந்தது. அவரிடம் கேட்காமல் விற்கலாமா என்று பிரச்னை கிளம்பியது. மாட் வந்த வேகத்தில் இறங்கியது. எனக்கு அந்த நாலு நாளில் மிக முக்கியமான சம்பவம் இதுதான். 25, 45 என்று மேலே இருப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, நமக்குக் கீழே தோள் கொடுத்து நிற்பவர் “என் பங்கு எங்கே?” என்று கேட்கிறார். இலவசமாக இருந்தவரை யாரும் யாரிடமும் எதையும் எடுத்தார்கள். சந்தோஷமாக இருந்தார்கள். நடுவில் ஒரு ரூபாய் வந்து விழுந்ததும் எல்லோரும் அவரவர் செங்கல்லை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

இதற்காகக் காசே வேண்டாம், உண்டியல் வையுங்கள், இஷ்டப்பட்டவர் போடட்டும் என்று அப்போது பலர் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், உண்டியலை நம்பி யாராவது வீட்டு வாடகை கொடுக்க முடியுமா? நான் இலவசமாகப் படிக்கிற எத்தனை விஷயத்துக்கு எத்தனை உண்டியலில் காசு போட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெதஸ்டா 2017-ல் ‘கிரியேஷன் கிளப்’ என்று ஆரம்பித்து, மாட் செய்கிறவர்களைத் தேர்ந்தெடுத்து, காண்ட்ராக்ட் போட்டு, வேலைக்குக் கூலி கொடுத்தது. பரிசோதனை அவர்கள் பொறுப்பு. 2023 டிசம்பரில் மறுபடி, தகுதி பெற்றவர்கள் தாங்களே விற்று ராயல்டி வாங்கலாம் என்று கதவைத் திறந்தது. முன்பு போட்ட கூச்சலில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எபிக் கம்பெனி 2023 மார்ச்சில் வேறு வழி பிடித்தது. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் நிகர வருமானத்தில் 40 சதவீதத்தைத் தனியே எடுத்து வைத்து, யார் செய்த மைதானத்தில் ஜனங்கள் எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள் என்று பார்த்துப் பிரிப்பது. அந்தப் பிரிப்பில் எபிக்கும் ஒரு பங்குக்காரர். குழந்தைகள் ஆடுகிற ‘ரோப்ளாக்ஸ்’, 2023-ல் விளையாட்டு செய்பவர்களுக்குக் கொடுத்தது சுமார் 74 கோடி டாலர். பெரிய தொகைதான். ஆனால், ஜனங்கள் அந்த வருஷம் அதில் செலவழித்தது சுமார் 350 கோடி டாலர். ரூபாய்க்கு 21 பைசா.

இத்தனையும் படித்துவிட்டு என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். ஸ்கைரிம் பஞ்சாயத்து என்னிடம் வந்திருந்தால், அந்த 45-ஐயும் 25-ஐயும் அப்படியே இடம் மாற்றியிருப்பேன். கடைக்கு 30 இருக்கட்டும். கடை போட்டிருக்கிறார், பணம் வசூலிக்கிறார். விளையாட்டுக் கம்பெனிக்கு 25; அது குட்வில்லுக்கு. செய்தவருக்கு 45. “நாங்களே பரிசோதிக்கிறோம், பழுதானால் நாங்கள் பொறுப்பு” என்று கம்பெனி எழுதிக் கொடுக்கட்டும், அப்போது அவர்களே 45 எடுத்துக்கொள்ளட்டும். யார் தலையில் பொறுப்போ, பெரிய பங்கு அவருக்கு. அடுத்தவர் செய்ததை எடுத்துச் சேர்த்திருந்தால், செய்தவரின் 45-லிருந்து அவருக்குப் போக வேண்டும். அதுவும் கேட்டுவிட்டு எடுத்திருந்தால். கேட்காமல் எடுத்திருந்தால் பங்குப் பேச்சே கிடையாது, முதலில் மன்னிப்பு.

சேலத்துக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் மூன்று பேர் இருந்தார்கள். சேனல்காரன் வரவில்லை.

“1932-ஆம் வருஷத்து இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம்னு ஒண்ணு இருக்குடா. வேற ஒப்பந்தம் ஒண்ணும் இல்லைன்னா லாபமும் சமம், நஷ்டமும் சமம். நீங்க என்ன எழுதி வெச்சிருக்கீங்க?”

“வாட்ஸ்அப்ல ‘ஓகே ப்ரோ’ன்னு போட்டிருக்கோம் மாமா.”

“சேட்டன்கிட்ட பேசினீங்களா?”

மௌனம். மெசேஜுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று மூன்று நாள் விவாதித்திருக்கிறார்களே தவிர, பேசவே இல்லை!

அன்று சாயந்திரம் பேசியிருக்கிறார்கள். ராத்திரி மருமகன் சொன்னான். பணம் தருகிறோம் என்றதும் சேட்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். “எட்டாவது படிக்கிற பையன்கள்கிட்ட முப்பது ரூபா ஏது? அவங்க ஓட்டட்டும்னுதான் ஃப்ரீயா வெச்சேன். நீங்க பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிட்டீங்க. எனக்கு அதான் வருத்தம்.”

நான் பங்கு, ராயல்டி, சதவீதம் என்று ஒரு வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் கேட்டது எதுவுமே என் கணக்கில் இல்லை. ஒன்றைப் பொதுவில் வைத்தவருக்கு அது பொதுவிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கவும் உரிமை உண்டு. அதற்கு எந்த சதவீதமும் ஈடாகாது.

பூட்டைத் திறந்துவிட்டார்கள். சேட்டன் பெயர் முதல் வரிக்கு வந்தது. காசு கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டால் தந்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். சேனல்காரன் தன் 2,100-ஐத் தர முடியாது என்று சொல்லிவிட்டான். மற்ற மூவரும் தங்கள் பங்கிலிருந்து கொடுப்பது என்று முடிவு.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன், “எத்தனை பேர் கேட்டாங்க?”

“இருபது பேர் மாமா.”

“140 பேர்ல இருபதுதானா?”

“மத்தவங்க பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த பஸ் எப்போன்னுதான் கேக்குறாங்க.”

நம்புங்கள், கேட்டதும் தொண்டையை என்னவோ செய்தது. ஜனங்கள் காசு கொடுக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது?

அடுத்த பஸ்ஸை முதல் போல்ட்டிலிருந்து இவர்களே செய்கிறார்கள். அதை விற்பதா, இலவசமாகக் கொடுப்பதா என்பதில் இன்னும் முடிவு வரவில்லை. ஆனால், விற்றால் யாருக்கு எவ்வளவு, பழுதானால் யார் சரிசெய்வது, யாரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று ஒரு கோடு போட்ட நோட்டுப் பேப்பரில் எழுதி எனக்கு போட்டோ அனுப்பியிருக்கிறான் மருமகன். மூன்று கையெழுத்து இருக்கிறது. நாலாவது இடத்தில் சேனல்காரன் பெயரை எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். “வருவான் மாமா, அவனுக்கும் எங்களை விட்டா யாரு?” என்கிறான்.

ஒரு சின்னச் சிக்கல். திருப்பித் தர வேண்டிய 600 ரூபாயில் மருமகன் பங்கு 200. அவனுடைய 700-க்கு ஏற்கெனவே மவுஸ் வாங்கிவிட்டான். மாமாவிடம்தான் கேட்டான். கொடுத்தேன். தொழிலுக்குப் பங்குக்காரர் கொடுக்கிற அட்வான்ஸுக்கு அந்தச் சட்டத்திலேயே 6 சதவீத வட்டி போட்டிருக்கிறது என்றும் சொன்னேன்.

வருஷத்துக்கு 12 ரூபாய். பஸ்ஸில் பின்னால் என் பெயரைச் சின்னதாக எழுதுகிறேன், வட்டியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்கிறான். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.